நாலாம் ஷட்டர் நாலடி

அவளைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் ஷட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் குறுக்கே இருக்கிற தலைமதகில் எட்டு ஷட்டர். எட்டையும் ஏற்றி இறக்குவது, மணிக்கு ஒரு தடவை நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, எழுதியதை வயர்லெஸ்ஸில் சொல்வது, இதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டுக்குத் திரும்பி விடுவாள். அவள் புருஷன் தையற்காரர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பக்கத்துத் தெருவில் நாத்தனார், அதாவது தையற்காரரின் தங்கை, தினம் ஒரு தடவையாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவாள்.

சதுரங்கம் அவளுக்குத் தாய்மாமன் வழியாக வந்தது. அவள் அம்மாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர். கடைசி மாமனுக்குக் கால் விளங்காது. எல்லாரும் வேலைக்குப் போனபிறகு வீட்டில் மிச்சமிருப்பது அந்த மாமனும், பள்ளிக்கூடம் போக அழுகிற இவளும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கல்யாணமான புதிதில் புருஷனுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். அவர் வெட்டுத்துணியில் அறுபத்து நாலு கட்டம் வைத்து அழகாக ஒரு பலகை தைத்துக் கொடுத்தார். அதோடு சரி. "எனக்குக் கட்டம் போடத்தான் தெரியும், அதுக்குமேல கேக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்தத் துணியை மடித்து வேலைக்குக் கொண்டுபோய், மதகு அறையில் விரித்து, தனக்குத் தானே ஆடிக்கொண்டிருந்தாள்.

கால்வாய் நெடுக மூன்று இடத்தில் வயர்லெஸ் உண்டு. மேலே இவளுடைய தலைமதகு, இடையில் நடுமதகு, கால்வாய் போய் முடிகிற இடத்தில் கடைமடை. வயர்லெஸ்ஸில் ஆள் பேர் சொல்லக் கூடாது, இடத்தின் பேர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, "சரி" என்று உறுதிப்படுத்தி, "ஓவர்" என்று முடிக்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் ஓரடி தப்பாகக் காதில் விழுந்தால் நாலு வயல் மூழ்கும், அதனால் இந்தச் சட்டம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள், மட்டம் சொல்லி முடித்ததும் கடைமடை கேட்டது, "தலைமதகு, அங்க என்ன டொக் டொக்னு சத்தம்?"

"காய் நகர்த்துறேன்."

"என்ன காய்?"

"செஸ்ஸுங்க."

"அட, எனக்கும் தெரியுமே!"

அப்படி ஆரம்பித்தது. ஆனால் கட்டத்தை எப்படிச் சொல்வது? ஏ, பி, சி போடுகிற கணக்கெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியாது. இவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிரே வரிசையாக எட்டு ஷட்டர் நின்றது. பலகையிலும் எட்டு வரிசை. இடமிருந்து வலமாக ஷட்டர் எண், கீழிருந்து மேலாக அடிக்கணக்கு. ராணிக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 'நாலாம் ஷட்டர் நாலடி'. சிப்பாய் என்று தனியாகச் சொல்ல மாட்டார்கள், மற்ற காய்க்குத்தான் பேர். 'குதிரை, ஆறாம் ஷட்டர் மூணடி.' 'மந்திரி, மூணாம் ஷட்டர் நாலடி.' மட்டம் சொன்னபிறகு ஒரு நகர்த்தல், அடுத்த மணியில் பதில். ஓர் ஆட்டம் முடிய ஒரு வாரம், சில சமயம் பத்து நாள். முகம் தெரியாது, பேர் தெரியாது. ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

நடுமதகில் இருந்தவருக்குக் காது மந்தம். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு இருப்பார். அவர் ஓய்வு பெற்றுப் போய், புதிதாக ஒருவன் வந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிற ரகம். அந்த வருடம் ஆற்றிலே தண்ணீரும் கம்மி. கடைசி வயல்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று சனங்கள் அலுவலக வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். நடுமதகுக்காரன், மட்டக்கணக்கு போகக் காதில் விழுந்த மற்றதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினான். தலைமதகு நாலாம் ஷட்டரை நாலடி திறந்ததாகச் சொல்கிறது, பதிவேட்டிலோ அரையடி என்றிருக்கிறது. மீதித் தண்ணீர் எங்கே? குதிரை யார்? யானை யார்? மந்திரிக்கும் இதற்கும் என்ன? முப்பத்தொரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பெரிய இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு கோப்பு. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்மா. யாருக்குத் தண்ணி வித்தீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணி விக்கிறதா? நானா?"

"இதைப் படிங்க. பதினேழாவது வரி. 'மந்திரியை வெட்டியாச்சு'ன்னு சொல்லியிருக்கீங்க. எந்த மந்திரி? எந்தத் துறை?"

"ஐயோ சார், அது செஸ்ஸு. மந்திரின்னா அந்தக் கோணலாப் போற காய்."

"அப்ப குதிரை?"

"அதுவும் காய்தான் சார்."

"அஞ்சாம் ஷட்டர் அஞ்சடிங்கிறது?"

"அது கட்டம் சார்."

அவள் ஒன்பது வருடக் கதையையும் சொல்லி முடித்ததும் இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் காதுல பூ வெச்சிருக்கேனா? மணிக்கு ஒரு காய் நகர்த்தி ஒன்பது வருஷம் ஆடுனீங்க, ஆடுன ஆளை நீங்க பாத்ததே இல்ல. இதை நான் மேல எழுதி அனுப்பணும்?"

"சார், கடைசி வரியப் பாருங்க. எட்டாம் ஷட்டர் எட்டடின்னு இருக்கு. நம்ம ஷட்டர் அஞ்சடிக்கு மேல தூக்கவே தூக்காதே. உங்களுக்குத் தெரியாததா?"

"அதனாலதான் இதை ரகசிய பாஷைன்னு சொல்றேன்" என்றார் அவர். ஒரு வாய்ப்பு போனது.

அவர் கெட்டவர் இல்லை. மந்திரி என்ற சொல் கோப்பில் இருப்பதால் அவருக்கே தூக்கம் போய்விட்டது. பதினைந்து நாளில் பதில் தர வேண்டும் என்று மெமோ கொடுத்தார். "இது செஸ்தான்னா, அதைத் தெரிஞ்ச ஆள் யாராவது முத்திரையோட எழுதிக் குடுக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்" என்றார். அதுவரை ஷட்டர் பக்கம் போகக் கூடாது, அலுவலகத்தில் உட்கார வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் வேலை போகும். அதைவிட, தண்ணீர் விற்றவள் என்ற பேர் நிற்கும். கடைமடைக்கும் இதே மாதிரி ஒரு மெமோ போயிருப்பதாகக் கேள்விப்பட்டாள். விசாரிக்க வழியில்லை, வயர்லெஸ்தான் கையில் இல்லையே.

பேச்சு அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. நாத்தனார் வந்து வாசற்படியில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஏன் அண்ணி, அப்படியே வித்திருந்தாலும் எங்க வயல் பக்கமா கொஞ்சம் திருப்பி விட்டிருக்கலாம்ல?"

"நான் விக்கல."

"நான் என்ன வித்தீங்கன்னா சொன்னேன்? வித்திருந்தாலும்னுதான சொன்னேன்."

தையற்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீ வீட்டுக்குப் போ, உன் மாமியார் தேடுவாங்க" என்று தங்கையை அனுப்பிவைத்தார்.

பத்தாம் நாள் அவர்தான் அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். மாநில அரசின் விளையாட்டுத் துறை நடத்தும் திறந்த அதிவேக சதுரங்கப் போட்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை, அரசு உள்விளையாட்டு அரங்கில், ஏழு சுற்று. கலந்துகொள்கிறவர்கள் எல்லாருக்கும் அரசு முத்திரையோடு சான்றிதழ்.

"திறந்தன்னா என்னங்க?"

"பாத்தியா, திறந்தன்னதும் உனக்கு ஷட்டர் ஞாபகம். யார் வேணும்னாலும் ஆடலாம்னு அர்த்தம். வயசு, படிப்பு எதுவும் கேக்க மாட்டாங்க."

முத்திரை என்ற ஒரு சொல்தான் அவள் மனதில் நின்றது. நாலு ஆட்டம் ஜெயித்து, அரசாங்கமே அதை எழுதிக் கொடுத்துவிட்டால், இன்ஜினியர் என்ன சொல்லிவிட முடியும்? மெமோவையும் அதோடு தைத்த முப்பத்தொரு வரியையும் பையில் போட்டுக்கொண்டு ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் புருஷனோடு கிளம்பினாள்.

அரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. நூறு மேசைக்கு மேல், மேசைக்கு ஒரு பலகை, பலகைக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம். விளையாட்டுத் துறை அதிகாரி ஒருவர் பேசினார். பேசினார், பேசினார், இன்னும் பேசினார். "இவர் பேச்சுக்கு யாராவது கடிகாரம் வெச்சா நல்லாருக்கும்" என்று தையற்காரர் முணுமுணுத்துவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

முதல் ஆட்டம் ஒரு கல்லூரிப் பெண்ணோடு. இவள் ராணிச் சிப்பாயைத் தள்ளினாள். அந்தப் பெண் குதிரையை எடுத்து வைத்துக் கடிகாரத்தைத் தட்டினாள். இவள் வாய் தன்னால் திறந்தது.

"குதிரை, ஆறாம் ஷட்டர் ஆறடி, சரி."

அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள். ஷட்டரம்மாவுக்கே அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது நகர்த்தலுக்கும் அதேதான். நாக்கைக் கடித்துக்கொண்டாலும் இருபத்திரண்டு வருடப் பழக்கம் கேட்கிறதா? எதிராளி நகர்த்தியதை வாய்விட்டுச் சொல்லாமல் அவளால் அடுத்ததை யோசிக்கவே முடியவில்லை. நடுவர் வந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிற பெண்மணி, கழுத்தில் விசில், நடையில் அவசரம்.

"அம்மா, ஆட்டத்துல பேசக் கூடாது. இது முதல் எச்சரிக்கை."

கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது போகட்டும், கடிகாரத்தை என்ன செய்வது? ஆளுக்குப் பதினைந்து நிமிடம்தான் மொத்த ஆட்டத்துக்கும். அவளுக்கு ஒரு நகர்த்தலுக்கு ஒரு மணி நேரம் பழக்கம். நிதானமாக யோசித்து, நல்ல நகர்த்தலாகப் பன்னிரண்டு வைத்தாள். நிலைமை அவள் பக்கம்தான். நேரம் முடிந்தது. தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு யானை அதிகம் வைத்திருந்தாள், நேரம் முடிந்தது. மூன்றாவதும் அப்படி, நாலாவதும் அப்படி. மதியத்துக்கு முன்னால் நாலு ஆட்டம், நாலு முட்டை. சுவரில் ஒட்டிய பட்டியலில் அவள் பேருக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம் நின்றது.

"இந்தச் சான்றிதழைக் கொண்டுபோனா, எனக்குச் செஸ் தெரியாதுன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள் புருஷனிடம். சிரிப்பதற்குச் சொல்லவில்லை, ஆனால் அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், கண் கலங்கியது. "வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டார். "ஏழு ஆட்டத்துக்கு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இந்தப் போட்டியில் ஒரு முறை உண்டு. ஜெயித்தவர்களை ஜெயித்தவர்களோடும் தோற்றவர்களைத் தோற்றவர்களோடும் மோத விடுவார்கள். ஐந்தாம் சுற்றில் அவளுக்குக் கடைசி மேசை. எதிரே இவள் வயசில் ஒரு மனிதர். வழுக்கை, தடித்த கண்ணாடி. பார்த்தாலே காலையிலிருந்து உதை வாங்கியவர் என்று தெரிந்தது. அவரும் நாலு முட்டை.

அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். இவள் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, தன் ராஜாவின் சிப்பாயை எதிரே வைத்துக் கடிகாரத்தைத் தட்டினாள்.

அந்த மனிதர் உதடு அசைந்தது. "அஞ்சாம் ஷட்டர் அஞ்சடி, சரி. ஓவர்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைக்குட்டை மடியில் விழுந்தது.

"கடைமடை?" என்றாள் மெல்ல.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "தலைமதகா? அடக் கடவுளே! குரலை வெச்சு ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் உங்களுக்குத் தலை நிறைய முடி இருக்கும்னு நெனச்சேன் அண்ணே."

"இருந்துச்சு. மெமோ வந்ததும் கொட்டிடுச்சு."

"உங்களுக்கும் நாலு முட்டையா?"

"முத்திரை வாங்கலாம்னு வந்தா, நாலும் நேரம் முடிஞ்சுதான். யோசிக்க விட மாட்டேங்கிறாங்களே!"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஆடியதுதான் ஆட்டம். நூறு தடவை ஆடிப் பழகிய வழி. அவர் கை எடுக்கும்போதே இவளுக்கு எங்கே வைப்பார் என்று தெரியும். மூன்று நிமிடத்தில் பதினெட்டு நகர்த்தல். வாயும் சும்மா இல்லை. குதிரை, மூணாம் ஷட்டர் மூணடி, சரி. மந்திரி, ரெண்டாம் ஷட்டர் அஞ்சடி, சரி. பக்கத்து மேசைக்காரர் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுவிட்டார்.

நடுவர் வேகமாக வந்தார். "உங்களுக்குக் காலைலயே சொன்னேன். நீங்களும் அதே பாஷையா? ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுட்டு ஆடுறீங்களா?"

"பேசி வெக்கல மேடம். நாங்க முகம் பாக்கிறதே இன்னைக்குத்தான்" என்றார் கடைமடை.

"அப்புறம் அது என்ன பாஷை? ஷட்டருங்கிறீங்க, அடிங்கிறீங்க?"

ஷட்டரம்மா பலகையைப் பார்த்தாள். அவள் நகர்த்த வேண்டிய முறை. ஒரு சிப்பாய் அதிகம், நல்ல நிலை, நேரமும் பதிமூன்று நிமிடம் மிச்சம். அன்றைக்கு முதல் தடவையாக ஜெயிக்கிற ஆட்டம். அவள் அதைப் பார்த்துவிட்டு நடுவரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பேசியதைக் கேட்டு, அது என்ன என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். பையிலிருந்து மெமோவை எடுத்தாள்.

"மேடம், இதைப் பாத்துச் சொல்ல முடியுமா? இது செஸ்ஸா, இல்ல திருட்டா?"

"ஆட்டம் முடியட்டும்மா."

"முடிஞ்சா அடுத்த சுத்துக்கு ஜோடி போட மேல போயிடுவீங்க. நாளைக்கு மறுநாள் நான் பதில் குடுக்கணும். இல்லன்னா எங்க ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"உங்க கடிகாரம் ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும்."

நடுவர் காகிதத்தை வாங்கினார். முதல் இரண்டு வரியைப் படித்ததும் புருவம் உயர்ந்தது. ஷட்டர் எண் எது, அடி எது என்று இவள் விரலால் பலகையில் காட்டினாள். நடுவர் பக்கத்துக் காலி மேசையில் காய்களை அடுக்கி, வரி வரியாக நகர்த்த ஆரம்பித்தார். 'நாலாம் ஷட்டர் நாலடி.' சரி. 'குதிரை, ஆறாம் ஷட்டர் ஆறடி.' சரி. பத்து வரி போயிற்று. பதினேழில் மந்திரி வெட்டுப்பட்டது, நடுவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தொன்பதாவது வரியில் கை நின்றது.

"ரெண்டாம் ஷட்டர் ஒரு அடி. காய் பேர் இல்லன்னா சிப்பாய்தானே? சிப்பாய் எப்படி முதல் வரிசைல வந்து நிக்கும்? இது ஆகாதும்மா."

ஷட்டரம்மா காகிதத்தை எட்டிப் பார்த்தாள். கடைமடை முகத்தைப் பார்த்தாள், அவரும் விழித்தார். "எழுதுன ஆளு தப்பா எழுதியிருப்பான்" என்றார்.

"தப்புன்னு நான் எழுதித் தர முடியாது. ஒரு வரி பொருந்தலன்னா மொத்தமும் சந்தேகம்தான்" என்றார் நடுவர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தொன்பது. செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி. ஜன்னல், பலகை, ஆறு. ரெண்டாம் ஷட்டர்... ரெண்டாம் ஷட்டர்...

"பாசி!" என்று கத்தினாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. "மேடம், அன்னைக்கு ரெண்டாம் ஷட்டர்ல பாசி வந்து அடைச்சுக்கிச்சு. அதை விடறதுக்கு ஓரடி தூக்குனேன். தூக்கிட்டு, தண்ணி வருதுன்னு கடைமடைக்குச் சொன்னேன். அது ஆட்டம் இல்ல, நிஜமாவே ஷட்டர்! பதிவேட்டுலயும் இருக்கும்."

"ஆமா, ஆமா, பாசி மூணு மணிக்கு எங்க கடைமடைக்கு வந்து சேந்துச்சு, நான்தான் கோலால தள்ளினேன்" என்றார் கடைமடை.

நடுவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு இருபதாவதுக்குப் போனார். பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. கடைசி வரியில் கறுப்பு ராஜா எட்டாம் ஷட்டர் எட்டடியில் மூலைக்குப் போய் நின்றான். நடுவர் கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"கறுப்புக்கு இன்னும் மூணு நகர்த்தல்ல ஆட்டம் முடிஞ்சிருக்குமே."

"அதுக்குள்ள மெமோ வந்துடுச்சு" என்றாள் இவள்.

"கறுப்பு நான்தான். எனக்கு அந்த ஒரு நல்லது நடந்துச்சு" என்றார் கடைமடை.

நடுவர் போட்டியின் தாளிலேயே எழுதினார். இணைக்கப்பட்ட முப்பத்தொரு வரிகளில் முப்பது வரிகள் ஒரே சதுரங்க ஆட்டத்தின் முறையான நகர்த்தல்கள். பத்தொன்பதாவது வரி மட்டும் சதுரங்கம் அல்ல. கையெழுத்திட்டு, விளையாட்டுத் துறை முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தினார். அதே ஆட்டத்துக்கு இரண்டு பிரதி, இரண்டு பேருக்கும். அதற்குள் ஷட்டரம்மாவின் கடிகாரம் பூஜ்யத்தில் நின்றிருந்தது. புள்ளி கடைமடைக்குப் போயிற்று. "எனக்கு வேண்டாம் மேடம்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்றுவிட்டார் நடுவர். மிச்சம் இரண்டு சுற்றிலும் ஷட்டரம்மா தோற்றாள். ஏழு ஆட்டம், ஏழு முட்டை.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு பதிவேட்டை வரவழைத்து, பாசி அடைத்த நாளைத் தேடினார். பதினொரு மணி, ரெண்டாம் ஷட்டர், ஓரடி. இருந்தது. முப்பத்தொரு வரியில் தண்ணீர் சம்பந்தப்பட்டது ஒரே ஒரு வரி, அந்த வரி பதிவேட்டில் சரியாக எழுதியிருக்கிறது.

"அப்ப மந்திரி..." என்றார்.

"கட்டை சார்."

பெருமூச்சு விட்டார். எத்தனையோ நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல நாற்காலியில் சரிந்தார். கடைமடையைப் பார்க்கிற கடலோரத்துப் பிரிவு அலுவலகத்துக்கும் போன் போட்டு, கடைமடைக்காரர் மேல் உள்ள விசாரணையையும் நிறுத்தச் சொன்னார். ஆனால் கோப்பை வெறுமனே மூட முடியாதே. அரசு வயர்லெஸ்ஸைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்கு ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு கண்டிப்பு எழுதினார், பணிப் புத்தகத்தில் ஏறும் என்றார். சங்கடத்தோடுதான் நீட்டினார்.

அவள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'பணி நேரத்தில், வயர்லெஸ் மூலம், ஒன்பது ஆண்டுகளாகச் சதுரங்கம் ஆடியதற்காகக் கண்டிக்கப்படுகிறார்.' தண்ணீர் என்ற சொல் எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

"சார், இதுல எனக்கு ஒரு நகல் வேணும்."

"கண்டிப்புக்கு எதுக்கும்மா நகல்? எல்லாரும் மறைக்கத்தான் பாப்பாங்க."

"எங்க நாத்தனாருக்குக் காட்டணும் சார்" என்றாள்.

நகல் கிடைத்தது. அன்று சாயங்காலமே நாத்தனார் வந்து அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்து மடித்துக் கொடுத்தாள்.

"ஒன்பது வருஷம் ஆடிக்கிட்டா இருந்தீங்க? இதுக்கா சம்பளம் குடுத்தாங்க?" என்றாள். அதற்குப் பிறகு தெருவில் எல்லாரிடமும் அவள் அதைத்தான் சொல்லித் திரிந்தாள்.